தாய்க்கு மருந்து, குட்டிக்குச் சீப்பு

(வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்)

கேள்வி: வணக்கம் டாக்டர். தெருவில் மீட்கப்பட்ட ஒரு தாய்ப்பூனையையும் அதன் நான்கு குட்டிகளையும், தத்தெடுப்பவர்கள் கிடைக்கும் வரை பராமரித்துத் தருவதாக ஒப்புக்கொண்டு வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறேன். குட்டிகளுக்கு மூன்று வாரம் ஆகிறது. இரண்டாம் நாளே படுக்கைத் துணியில் மிளகுத்தூளைப் போலக் கருப்புத் துகள்கள் கிடப்பதையும், தாயின் கழுத்து முடிக்குள் தெள்ளுப்பூச்சிகள் ஓடுவதையும் கண்டேன். நான்கில் சிறிய குட்டி மற்றவற்றைவிடச் சோர்வாக இருக்கிறது. எங்கள் நாய்க்குத் தெள்ளு போக வாங்கிய சொட்டு மருந்து வீட்டில் இருக்கிறது. அதில் ஒரே ஒரு சொட்டைக் குட்டிகளுக்கு இடலாமா? அல்லது எல்லாவற்றையும் குளிப்பாட்டிவிடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் சொட்டு மருந்தைப் பற்றிய கேள்வியைவிட எனக்குக் கவலை தருவது அந்தச் சிறிய குட்டியைப் பற்றிய ஒரு வரிதான். இதைப் படித்தவுடன் அதன் உதட்டை மெல்ல விலக்கி ஈறுகளின் நிறத்தைப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருந்தால் மேலே படிக்கலாம். வெளிறியோ வெள்ளையாகவோ இருந்தாலும், குட்டி பால் குடிக்க மறுத்தாலும், தொட்டால் குளிர்ந்திருந்தாலும், வேகமாக மூச்சு வாங்கினாலும், இதழை மூடிவைத்துவிட்டு அதை வெதுவெதுப்பான துணியில் சுற்றி மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். வெளிறிய ஈறு இரத்தச்சோகையின் அடையாளம். நாளைக் காலை வரை பொறுத்துப் பார்க்கும் விஷயம் அன்று. வழியில் பாலைப் புகட்ட முயல வேண்டாம். உடல் குளிர்ந்த குட்டிக்குச் செரிமானம் நின்றுபோயிருக்கும் என்பதால், முதலில் சூடேற்ற வேண்டும், பிறகுதான் ஊட்ட வேண்டும்.

தெள்ளுப்பூச்சி கடித்து ஒரு குட்டி இறக்குமா என்று பலர் நம்பாமல் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். மூன்று வாரக் குட்டி ஒன்று ஏறத்தாழ 300 கிராம் எடை இருக்கும். அதன் உடலில் மொத்தமாக ஓடும் இரத்தம் சுமார் 20 மில்லி, அதாவது நான்கு தேக்கரண்டிதான். பெண் தெள்ளு ஒன்று தன் எடையைப் போலப் பதினைந்து மடங்கு வரை இரத்தத்தை ஒரே நாளில் குடிக்கக்கூடியது. எழுபது பெண் தெள்ளுகள் சேர்ந்தால் நாளொன்றுக்கு ஒரு மில்லி போய்விடும். நன்கு வளர்ந்த பூனைக்கு அது பொருட்டில்லை. நான்கு தேக்கரண்டியே இருப்பாக உள்ள உடலில் நாள்தோறும் ஒரு மில்லி குறைந்தால், புதிய இரத்தம் ஊறுவதற்குள் குட்டி துவண்டுவிடும். அந்தக் கருப்புத் துகள்களும் செரித்த இரத்தம்தான். சிலவற்றை ஈரமான வெள்ளைத் தாளின்மேல் வைத்துத் தேய்த்தால் செம்பழுப்பாகக் கரையும். வெறும் மண் அப்படிக் கரையாது.

நாயின் சொட்டு மருந்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நாய்களுக்கான பல சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற வேதிப்பொருள் செறிவாக இருக்கும். அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் நாயின் கல்லீரலுக்கு உண்டு, பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. எனவே ஒரு சொட்டு என்பது பூனைக்குச் சிறிய அளவு அன்று. உடல் நடுக்கம், வாயில் நுரை, வலிப்பு, சில வேளைகளில் மரணம் வரை அது கொண்டுபோய்விடும். குட்டிக்கு இடாமல் தாய்க்கு மட்டும் இட்டாலும் இதே ஆபத்துதான், தாயின் முடியில் முகம் புதைத்துப் பால் குடிக்கும் குட்டிகளுக்கும் சேர்த்து. யாராவது ஏற்கெனவே தவறிப்போய் இட்டிருந்தால், பாத்திரம் கழுவும் திரவ சோப்பையும் வெதுவெதுப்பான நீரையும் கொண்டு அந்த இடத்தை உடனே கழுவிவிட்டு, மருந்தின் உறையோடு மருத்துவரிடம் ஓட வேண்டும். நாயின் மருந்தில் பெர்மெத்ரின் இல்லை என்று உறை சொன்னாலும், அதன் அளவு நாயின் எடைக்கு வகுக்கப்பட்டது என்பதால் என் விடை மாறாது.

அப்படியானால் மருந்து யாருக்கு? தாய்க்கு. தெள்ளுக் கூட்டத்தின் பெரும்பகுதி குடியிருப்பது தாயின் உடலில்தான்; குட்டிகளின் மேல் ஏறுபவை பெரும்பாலும் அங்கிருந்தும் படுக்கையிலிருந்தும் வருபவை. பாலூட்டும் பூனைக்குத் தரத்தக்க மருந்துகள் உள்ளன. நிட்டன்பைரம் மாத்திரை கொடுத்த அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, சில மணி நேரத்தில் உடலிலுள்ள வளர்ந்த தெள்ளுகளைக் கொன்றுவிடும். முடியின்மேல் எதுவும் படியாததால் குட்டிகள் நக்குமோ என்ற அச்சமும் இல்லை. ஆனால் அதன் வலிமை ஓரிரு நாளோடு தீர்ந்துவிடும். ஒரு மாதம் வரை காக்கும் செலமெக்டின் போன்ற சொட்டு மருந்தைப் பிடரியில் இடுவதாயின், அந்த இடம் உலரும் வரை குட்டிகளைத் தனியே வைத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம், எது முதலில் என்பதைத் தாயின் எடையையும் உடல்நிலையையும் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்யட்டும். தெருவில் ஈன்று மெலிந்துபோன தாய்க்கே இரத்தம் குறைந்திருக்கலாம் என்பதால், அதன் ஈறையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குட்டிகளுக்கு இந்த வயதில் சீப்புதான் மருந்து. பற்கள் மிக நெருக்கமாக உள்ள தெள்ளுச் சீப்பு கிடைக்கும். கிடைக்கும் வரை தலைக்குப் பயன்படுத்தும் உலோகப் பேன் சீப்பே போதும். வெதுவெதுப்பான சோப்பு நீர் ஒரு கிண்ணத்தில் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு குட்டியாக எடுத்து, மடியில் துண்டை விரித்து, கழுத்து, காதின் பின்புறம், அக்குள், வயிறு, வாலின் அடி ஆகிய இடங்களை மெதுவாகச் சீவி, சீப்பில் மாட்டும் தெள்ளை உடனே கிண்ணத்தில் முக்குங்கள். வெறும் நீரில் தெள்ளு மிதந்து தாவிவிடும். சோப்பு கலந்தால் மூழ்கிவிடும். நகத்தால் நசுக்கும் பழக்கம் வேண்டாம், அதன் உடலுக்குள் இருக்கும் கிருமிகள் நம் கையில் படும். ஒரு குட்டிக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாமல், காலையும் மாலையும் செய்துவந்தால், மூன்று நாள்களில் கிண்ணத்தில் விழும் எண்ணிக்கை குறைவதை நீங்களே காண்பீர்கள். இந்த வேலையில் ஒரு நிறைவு இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

குளியலை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நான்கு வாரத்துக்கு உட்பட்ட குட்டியால் தன் உடல் வெப்பத்தைத் தானே சரியாகக் காத்துக்கொள்ள முடியாது. நனைந்த குட்டி நிமிடங்களில் குளிர்ந்துவிடும். தெள்ளால் போகாத உயிர் குளியலால் போவதுண்டு. சீப்புக்கு அடங்காத அளவுக்குப் பூச்சி மொய்த்திருந்து, குட்டியும் துடிப்பாக இருந்தால் மட்டும், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு குட்டியாக, ஒரே ஒரு முறை செய்யலாம். நீரின் சூடு நம் மணிக்கட்டுக்கு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். முதலில் கழுத்தைச் சுற்றி மென்மையான திரவ சோப்பு நுரையால் ஒரு வளையம் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் நீரைக் கண்ட தெள்ளுகள் அனைத்தும் முகத்தை நோக்கி ஏறும். முகத்தையும் தலையையும் நனைக்காமல், சில நிமிடங்களில் அலசி எடுத்து, முழுவதும் உலரும் வரை சூடான துண்டுகளை மாற்றிமாற்றித் துடைக்க வேண்டும். பூச்சிக்கொல்லி கலந்த ஷாம்பு கூடாது. இப்போது சோர்ந்திருக்கும் அந்தச் சிறிய குட்டிக்குக் குளியலே வேண்டாம்.

கேள்வி: நான் பராமரிக்கும் குட்டிகளுக்கு நான்கு வாரம் முடிந்துவிட்டது. நீங்கள் குறிப்பிடும் நிட்டன்பைரம் மாத்திரையின் பெட்டியிலும் நான்கு வாரம் என்றுதான் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆயினும் எங்கள் மருத்துவர் தர மறுக்கிறார். ஏன்?

பதில்: அவர் சரியாகத்தான் மறுத்திருக்கிறார். பெட்டியில் வயதுக்குப் பக்கத்திலேயே எடையும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த மாத்திரைக்கு அது ஏறத்தாழ 900 கிராம். பிறக்கும்போது 100 கிராம் அளவில் இருக்கும் குட்டி, நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து கிராம் வரை ஏறும். அந்தக் கணக்கில் நான்கு வாரக் குட்டி 380 முதல் 520 கிராம் வரைதான் இருக்கும். 900 கிராமை எட்டும்போது ஏறத்தாழ எட்டு வாரமோ அதற்கு மேலோ ஆகியிருக்கும். மீட்கப்பட்ட குட்டிகள் பெரும்பாலும் இதையும்விட மெலிந்தே இருக்கும். வயது, எடை ஆகிய இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறினால்தான் மருந்து. மாத்திரையைப் பாதியாக ஒடித்துக் கொடுப்பது இதற்கு வழி அன்று.

ஆகவே சமையலறையில் பயன்படும் மின்னணுத் தராசு ஒன்றைக் குட்டிகளுக்கென ஒதுக்கி, தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். இரண்டு நாள் எடை ஏறாமல் நின்றாலோ, ஒரே நாளில் குறைந்தாலோ, கண்ணுக்குத் தெரியாத எதையோ அந்த எண் சொல்கிறது என்று பொருள். ஃபிப்ரோனில் தெளிப்பு மருந்தைச் சில நாடுகளில் மிக இளம் குட்டிகளுக்கும் அனுமதிக்கிறார்கள், சில நாடுகளில் எட்டு வாரத்துக்கு மேல்தான் அனுமதிக்கிறார்கள்; மருத்துவர் தம் கையால் அளந்து பூசினால் ஏற்கலாம், நீங்களாகத் தெளிக்க வேண்டாம். தெள்ளுக்கான கழுத்துப்பட்டையும் குட்டிகளுக்கு ஆகாது. இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று எண்ணித் தேயிலை மர எண்ணெய், யூகலிப்டஸ் தைலம், ஆரஞ்சுத் தோல் எண்ணெய், கற்பூரம், பூண்டு என்று எதையேனும் தடவுபவர்களையும் பார்க்கிறேன். இவை யாவும் பூனைக்கு நஞ்சு. உடலில் தடவியது எதுவாயினும் அடுத்த பத்து நிமிடத்தில் தாய் அதை நக்கி விழுங்கியிருக்கும்.

கேள்வி: தாய்க்கு மருந்து இட்டு, குட்டிகளைத் தினமும் சீவி, பத்து நாள் நிம்மதியாக இருந்தோம். திடீரென்று மறுபடியும் தெள்ளு. மருந்து போலியா?

பதில்: மருந்தின்மேல் பழி போடுவதற்கு முன் அறையைப் பாருங்கள். நம் கண்ணில் படும் வளர்ந்த தெள்ளுகள் மொத்தக் கூட்டத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான்; மீதி 95 விழுக்காடு முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையிலும் படுக்கையிலும் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு இரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது வரை இடும். அந்த முட்டைகள் முடியில் ஒட்டுவதில்லை; பூனை எங்கெல்லாம் படுக்கிறதோ அங்கெல்லாம் உதிர்கின்றன. பொரிக்கும் புழுக்கள் வெளிச்சத்தை வெறுத்து விரிப்பின் அடியிலும் தரை இடுக்கிலும் புகுந்து, அந்தக் கருப்புத் துகள்களைத் தின்று வளர்ந்து, பசையுள்ள கூட்டைக் கட்டிக்கொள்கின்றன. கூட்டுக்குள் இருக்கும்வரை எந்தப் பூச்சிக்கொல்லியும் அவற்றை எளிதில் தொடாது. மாதக்கணக்கில் அப்படியே காத்திருந்து, மேலே ஓர் உயிர் நடமாடும் அதிர்வையும் உடற்சூட்டையும் மூச்சுக்காற்றையும் உணர்ந்ததும் வெளியே குதிக்கும். நீங்கள் கண்டவை தப்பிப் பிழைத்த பழைய தெள்ளுகள் அல்ல, புதிதாக வெளிவந்தவை. எனவே தாயின் மருந்தைக் குறித்த நாளில் தவறாமல் தொடர்ந்து, குறைந்தது மூன்று மாதமாவது நிறுத்தாமல் இருக்க வேண்டும்.

குட்டிகளைச் சீவிய அதே வேளையில் படுக்கையையும் மாற்றாவிட்டால், சீவியது அத்தனையும் வீண். பழைய துணியை உதறாமல் சுருட்டி எடுத்து, 60 பாகை வெந்நீரில் துவைத்து, நன்றாகக் காயவிடுங்கள். தடித்த மெத்தையைவிட எளிதில் துவைக்கக்கூடிய மெல்லிய துணிகள் பல அடுக்காக இருப்பது நல்லது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: படுக்கை முழுவதும் புது வாசனையாகிவிட்டால், சில தாய்ப்பூனைகள் கலவரப்பட்டுக் குட்டிகளைக் கவ்விக்கொண்டு அலமாரிக்கு அடியில் ஒளிந்துவிடும். புதுத் துணியைத் தாயின் கன்னத்தில் சற்றுத் தேய்த்துவிட்டு விரித்தால் அந்தத் தொல்லை குறையும். மணமுள்ள சலவைத்தூளையும் தவிர்க்கலாம். அறையைத் தினமும் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்து, சேர்ந்த தூசியை உடனே மூடிக்கட்டி வெளியே போட்டுவிடுங்கள். அதன் அதிர்வு கூட்டுப்புழுக்களை எழுப்பிவிடும் என்பது இங்கே நமக்குச் சாதகம்தான், வெளிவந்த தெள்ளு மருந்திட்ட தாயின்மேல் ஏறிச் சாகும்.

அறைக்குத் தெளிக்கும் மருந்துகளில் முட்டையையும் புழுவையும் வளரவிடாமல் தடுக்கும் பைரிப்ராக்ஸிஃபென், மெத்தோபிரீன் கலந்தவை பயனுள்ளவை. ஆனால் அவற்றோடு பெர்மெத்ரினும் சேர்ந்திருக்கக்கூடும் என்பதால் உறையைப் படிக்காமல் வாங்கக் கூடாது. தெளிக்கும்போதும், தரை உலர்ந்து காற்றோட்டம் வரும் வரையிலும், தாயும் குட்டிகளும் வேறு அறையில் இருக்க வேண்டும். அடுத்த முறை பூனைக் குடும்பம் ஒன்றை ஏற்கும்போது விரிப்பில்லாத, வழவழப்பான தரையுள்ள சிறிய அறையை ஒதுக்கிவிடுங்கள். இந்த வேலையில் பாதி அப்போதே குறைந்துவிடும்.

கேள்வி: எங்கள் சொந்தப் பூனை மாடியைவிட்டு இறங்குவதே இல்லை. அதற்கும் மருந்து தேவையா? என் கணுக்காலிலும் கடித்த தடிப்புகள் இருக்கின்றன.

பதில்: பூனை இறங்காவிட்டாலும் நீங்கள் ஏறி இறங்குகிறீர்கள் அல்லவா? வீட்டில் உள்ள பூனை, நாய் அனைத்துக்கும் அதனதன் எடைக்கேற்ற மருந்தைத் தர வேண்டும். உங்கள் கணுக்காலில் கடித்தவை புதிதாக வெளிவந்த தெள்ளுகளாகவே இருக்கும். பூனையின் தெள்ளு மனித உடலில் குடியேறித் தங்குவதில்லை, எனவே அறை சரியானால் தடிப்பும் நின்றுவிடும். தெள்ளின் கழிவு வழியாகப் பூனையின் நகத்துக்கு வரும் பார்ட்டொனெல்லா என்ற கிருமி கீறல் வழியே நம்மைத் தொற்றக்கூடும் என்பதால், கீறல் பட்டால் சோப்பிட்டுக் கழுவுங்கள். நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர் வீட்டில் இருந்தால் சீவும் வேலையை அவரிடம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: தெள்ளுத் தொல்லை தீர்ந்த பிறகு, ஏழு வாரக் குட்டி ஒன்றின் வாலுக்கு அடியில் அரிசி போன்ற வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருக்கின்றன. அசையவும் செய்கின்றன.

பதில்: அவை நாடாப்புழுவின் துண்டுகள். அதன் இளம் பருவத்தைச் சுமந்த தெள்ளு ஒன்றைக் குட்டி தன்னை நக்கும்போது விழுங்கியிருக்கும்; அதன்பின் இரண்டு மூன்று வாரத்தில் துண்டுகள் வெளியே தெரியத் தொடங்கும். உருண்டைப் புழுவுக்காகக் குட்டிகளுக்கு வழக்கமாகத் தரும் பைரன்டெல் மருந்து இதற்கு வேலை செய்யாது. பிரசிகுவான்டெல் என்ற மருந்து வேண்டும், ஏழு வாரக் குட்டிக்கு எடை பார்த்து மருத்துவர் தருவார். தாய்க்கும் மற்ற குட்டிகளுக்கும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். குட்டியைத் தத்தெடுத்துச் செல்பவரிடம், தெள்ளு மருந்து கடைசியாக இட்ட தேதியையும் அடுத்து இட வேண்டிய தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.