வண்டி கேள்வி-பதில்: பேட்டரி மேல் பழி போடும் முன்

கேள்வி: புது பேட்டரி போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. இரண்டு நாள் கார் நின்றால் போதும், சாவியைத் திருப்பியதும் 'டக்டக்டக்' சத்தம் மட்டுமே வருகிறது. இதையும் மாற்ற வேண்டுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஸ்டார்ட்டருக்கு (என்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) போதுமான கரண்ட் போகாததால் வரும் சத்தம் அது. (ஒரே ஒரு 'டக்'கோடு நின்று, ஹெட்லைட்டும் மங்காமல் எரிந்தால் ஸ்டார்ட்டரைச் சந்தேகிக்கலாம்.) முதலில் பேட்டரி கிளாம்ப்பைக் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தாலோ, பொடி பூத்திருந்தாலோ சுத்தம் செய்து இறுக்குங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

அடுத்து மல்டிமீட்டர். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு அளந்தால் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் பெல்ட்டையும், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். ஓடும் என்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். திடீரென எகிறும் வோல்டேஜ், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவைச் சுட்டுவிடும்.

சார்ஜ் ஆவது சரி, நின்றால் மட்டும் இறங்குகிறது என்றால் எங்கோ கரண்ட் கசிகிறது. அரை ஆம்பியர் கசிவே இரண்டு நாளில் 24 ஆம்பியர்-மணியைக் குடித்துவிடும். 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது நாற்பது சதவீதம். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். ஃப்யூஸ் பெட்டி காருக்கு உள்ளே இருந்தால் கதவைத் திறந்தே வைத்து, அதன் பூட்டு நாக்கை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிவிடுங்கள். கதவு சாத்தியிருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர்கள் உறங்க அரை மணி நேரம் ஆகலாம். அதன்பின் 50 மில்லி ஆம்பியருக்குள் காட்டினால் பிரச்சினை இல்லை. கூடுதலென்றால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள்; எதை எடுத்ததும் மீட்டர் இறங்குகிறதோ அந்த சர்க்யூட்தான் குற்றவாளி. டிக்கி லைட், பின்னால் பொருத்திய ஸ்டீரியோ, டேஷ்கேம் ஆகியவைதான் அடிக்கடி மாட்டும். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

எந்த ஃப்யூஸை எடுத்தும் இறங்கவில்லையா? ஆல்டர்னேட்டரின் டயோடு கசியலாம். அங்கே ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: காரின் கோளாறு கோடைப் படிக்கும் ஸ்கேனரில் பி0301 என்று வருகிறது. பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயில் வாங்கிவிடலாமா?

பதில்: முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) என்பதைத்தான் அது சொல்கிறது, காரணத்தை அல்ல. என்ஜின் ஆறியதும் முதல் காயிலை இரண்டாவதோடு மாற்றி மாட்டி, ஸ்கேனரில் அந்தக் கோளாறு கோடை அழித்து ஓட்டுங்கள். பி0302 வந்தால் காயில்தான். பி0301 அப்படியே நின்றால் பிளக்கை இதேபோல மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் சோதனைக்கு மெக்கானிக் வேண்டும். செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டவே ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கும்.

கேள்வி: பிரேக்கை மிதித்துப் பிடித்தால் பெடல் மெல்லக் கீழே இறங்குகிறது. என்ன பார்க்கலாம்?

பதில்: பிரேக் ஆயில் அளவையும் சக்கரங்களின் உட்புறக் கசிவையும் நின்ற இடத்திலேயே பாருங்கள். வெளியே கசிவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) சீல் போயிருக்கலாம். எதுவானாலும் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போகாமல் டோ செய்து அனுப்புங்கள்.