கிறிஸ்மஸ் எப்போது வரும்?

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். நானும் என் கணவரும் வேலைக்குச் செல்கிறவர்கள். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 3 வயது. சென்ற ஆண்டு டிசம்பர் மாதம் எப்படிக் கழிந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. மகளின் அரையாண்டுத் தேர்வு, ஞாயிறு பள்ளி நாடக ஒத்திகை, தையற்கடைக்கு நான்கு முறை அலைச்சல், பலகாரம், அலுவலகத்தில் ஒரு விழா, குடியிருப்பில் ஒரு விழா என்று நாள்தோறும் ஏதாவது ஒன்று இருந்தது. 23ஆம் தேதி இரவு ஒரு மணிக்குக் கேரல் குழுவினர் வந்தபோது தூங்கிக்கொண்டிருந்த மகனை எழுப்பி வாசலுக்குத் தூக்கி வந்தேன். கிறிஸ்மஸ் தாத்தாவின் முகமூடியைக் கண்டு அலறியவன் விடியும்வரை தூங்கவில்லை. பண்டிகையன்று ஊசிக்கோபுரம் ஆலயத்தில் அதிகாலை ஆராதனை முடிந்து வந்ததும், விருந்துக்கு அழைத்திருந்த இருபது நண்பர்களுக்காக அடுப்படிக்குள் போனவள் மூன்று மணிக்குத்தான் வெளியே வந்தேன். எல்லோரும் சென்ற பிறகு, மாலையில் மகள் என் அருகில் வந்து, "அம்மா, கிறிஸ்மஸ் எப்போ வரும்?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்த ஆண்டு விருந்தையே நிறுத்திவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் வரவில்லை. நண்பர்களில் பாதிப் பேர் தீபாவளிக்கும் பெருநாளுக்கும் எங்களைத் தவறாமல் அழைக்கிறவர்கள். தாங்கள் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர்கள் என்பதால் கேட்கிறேன், என்ன செய்யலாம்?

தங்கள் வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மகளின் கேள்வியை இரண்டு நாட்களாக மனத்தில் வைத்திருந்தேன். அவள் உங்களைக் குறை சொல்லவில்லை; அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இதே கேள்வியை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றில் சிறுவர்கள் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இல்லத்தை நடத்திய யோஹான் ஹின்ரிஹ் விஹேர்ன் என்னும் லுத்தரன் போதகர், 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, அதில் ஞாயிறுகளுக்கென்று நான்கு பெரிய வெள்ளை மெழுகுவத்திகளையும் இடைப்பட்ட நாட்களுக்கென்று சிறிய சிவப்பு மெழுகுவத்திகளையும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றச் செய்தார். இன்று நம் ஆலயங்களில் பீடத்துக்கு அருகே பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுவத்திகள் நிற்கின்றனவே, அவற்றின் தொடக்கம் அந்தச் சக்கரம்தான். எப்போது வரும் என்று கேட்ட பிள்ளைக்கு அவர் தேதியைச் சொல்லிவிட்டு நகரவில்லை. மீதி நாட்களைக் கண்ணால் எண்ணிப் பார்க்கும்படி செய்து, காத்திருப்பதற்கு ஒரு வேலையைக் கையில் கொடுத்தார்.

உங்கள் வீட்டில் சென்ற ஆண்டு விடுபட்டது அதுதான் என்று நினைக்கிறேன். எல்லா வேலையும் குழந்தைகளுக்காக நடந்தது, ஆனால் எதுவும் குழந்தைகளின் கைவழியாக நடக்கவில்லை. அவர்களை உடுத்தினீர்கள், ஒத்திகைக்குக் கூட்டிப்போனீர்கள், நள்ளிரவில் எழுப்பினீர்கள், விருந்தினர் முன் நிறுத்தினீர்கள். ஒரு மாதம் முழுக்கப் பெரியவர்களின் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, அந்த ஓட்டம் எங்கே போய் முடிந்தது என்பது புரியவில்லை.

இதை நான் உரிமையோடு சொல்வதற்குக் காரணம், இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். எங்கள் கத்தோலிக்க வீடுகளில், இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலைக் கட்டி முடித்தாலும் 24ஆம் தேதி நள்ளிரவு வரை தீவனத் தொட்டி வெறுமையாகத்தான் இருக்கும். திருப்பலி முடிந்து வந்த பிறகே குழந்தை இயேசுவின் சுரூபத்தை, அந்தச் சிறு சிலையை, அதில் கிடத்துவோம். என் மூத்தவனுக்கு ஐந்து வயதான ஆண்டில், சுரூபத்தை அவனே கிடத்தலாம் என்று நவம்பரிலேயே வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த இரவு கோயிலிலிருந்து வந்தபோது அவன் தோளில் தூங்கிவிட்டான். மறுநாள் விருந்துக்குக் கோழி கழுவவேண்டும், அரிசி ஊறவேண்டும் என்ற நினைப்பில், போகிற போக்கில் நானே சுரூபத்தை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். காலையில் எழுந்தவன் குடிலுக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். பிறகு சுரூபத்தை எடுத்துத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வாசல்வரை நடந்துபோய், திரும்பி வந்து, மறுபடியும் தொட்டியில் கிடத்தினான். அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்று இருபத்தைந்து பேர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். யார் யார் வந்தார்கள் என்பது இப்போது எனக்கு நினைவில்லை. அவன் வாசலுக்குப் போய் வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஆகவே குடிலிலிருந்து தொடங்குங்கள். உங்கள் சபை வீடுகளில் நட்சத்திரத்துக்கும் மரத்துக்கும் கொடுக்கும் இடத்தைக் குடிலுக்குக் கொடுப்பது குறைவு என்பதை அறிவேன், ஆனாலும் சிறு பிள்ளைகளுக்கு அதற்கு இணையான ஒன்றை நான் கண்டதில்லை. 1223இல் கிரெச்சோ என்ற இத்தாலிய மலையூரில் அசிசியின் பிரான்சிஸ் என்னும் துறவி வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து இயேசு பிறந்த காட்சியை ஊராருக்குக் காட்டியபோது, எழுதப் படிக்கத் தெரியாதவரும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள அது வழியானது. உங்கள் மூன்று வயது மகனும் எழுதப் படிக்கத் தெரியாதவன்தானே. கடையில் விற்கும் ஆயத்தக் குடிலை வாங்காதீர்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கிக் கோதுமைப் பசை தடவினால் மலையாகும், காவிப்பொடி தூவினால் பாறையாகும். டிசம்பர் 15ஐ ஒட்டி ஒரு தட்டில் மண் பரப்பி, மகனின் கையால் கம்பை விதைக்கச் சொல்லுங்கள். நாள்தோறும் காலையில் ஒரு கை நீர் தெளிக்கும் வேலை அவனுடையதாக இருக்கட்டும். கிறிஸ்மஸ் வருவதற்குள் விரல் உயரத்துக்கு மேல் பச்சைப்பசேலென்று எழும்பி நிற்கும். எத்தனை நாள் இருக்கிறது என்பதை அவனுக்கு அந்தப் பயிர் சொல்லும்.

மகளுக்கு வேறு ஒரு வேலை உண்டு. குழந்தை இயேசுவைக் காணக் கிழக்கிலிருந்து வந்தவர்களை உங்கள் பக்கத்தில் சாஸ்திரிகள் என்பீர்கள், நாங்கள் மூன்று ராஜாக்கள் என்போம். அந்த மூன்று சுரூபங்களையும் முதல் நாளே குடிலுக்குள் வைத்துவிடாமல், வீட்டின் மறுகோடியில், புத்தக அலமாரியின் மேலோ சன்னல் விளிம்பிலோ வைத்து, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்கள். அவர்கள் 25ஆம் தேதி வந்து சேரமாட்டார்கள். வந்து சேரும் நாள் ஜனவரி 6. இந்த ஒரு செயலால் உங்கள் மகளுக்கு 25க்குப் பிறகும் எதிர்பார்ப்பதற்கு ஒன்று மிஞ்சும்.

இப்போது நீங்கள் கேட்ட விருந்துக்கு வருகிறேன். அதை நிறுத்தக் கூடாது, ஆனால் 25ஆம் தேதியிலிருந்து நகர்த்தவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. நம் முன்னோர் இந்தத் திருநாளை ஒற்றை நாளாக வகுக்கவில்லை. அதற்கு முன்னால் நான்கு ஞாயிறுகள் ஆயத்தத்துக்கு. முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். அதற்குப் பின்னால் ஜனவரி 6 வரை பன்னிரண்டு நாட்கள் கொண்டாட்டத்துக்கு. நாமோ கொண்டாட்டத்தை எல்லாம் ஆயத்தக் காலத்துக்குள் திணித்துவிட்டு, 26ஆம் தேதி காலையில் நட்சத்திரத்தைக் கழற்றி அட்டைப்பெட்டிக்குள் வைக்கிறோம். அலுவலகத்தில் எட்டாம் தேதி கேக் வெட்டினால் நாம் என்ன செய்யமுடியும் என்பீர்கள். அது நம் கையில் இல்லைதான். ஆனால் உங்கள் வீட்டு விருந்து உங்கள் கையில் இருக்கிறது. 26ஆம் தேதி மட்டும் வேண்டாம் என்பேன். 2004க்குப் பிறகு எங்கள் கடற்கரையில் அந்த நாளின் காலை வேறானது, ஆழிப்பேரலையில் போனவர்களுக்காகத் திருப்பலி நடக்கும் நாள் அது. அதற்கு அடுத்த நாட்களில், அரையாண்டு விடுமுறைக்குள்ளேயே, ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். நண்பர்களுக்கும் அதுவே வசதி, ஏனெனில் 25ஆம் தேதி அவர்களை மூன்று வீடுகளில் அழைத்திருப்பார்கள்.

பண்டிகையன்று மதியம் உங்கள் நால்வருக்கு மட்டும் சமையுங்கள். சாப்பிட்ட பிறகு குழந்தைகளோடு படுத்துத் தூங்குங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரமும், ஆறு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அதிகாலை ஆராதனைக்கு எழுப்பப்போகிறோம் என்றால் முந்தின மாலை ஏழு மணிக்கே விளக்கை அணைத்துவிடவேண்டும். பண்டிகை நாளில் பிள்ளைகள் அடம்பிடித்து அழுவதில் பெரும்பகுதி தூக்கக் குறைவுதான்; அதைப் பிடிவாதம் என்று எண்ணி நாம் கடிந்துகொள்கிறோம், புதுச்சட்டையோடு அவர்கள் தேம்பிக்கொண்டு நிற்கிறார்கள். கேரல் குழுவினரிடம் முன்கூட்டியே சொல்லி, உங்கள் தெருவுக்கு முதலில், எட்டு மணிக்குள் வரும்படி கேளுங்கள். சபையில் சிறு பிள்ளைகள் உள்ள வேறு வீடுகளும் சேர்ந்து கேட்டால் மறுக்கமாட்டார்கள். கிறிஸ்மஸ் தாத்தா வேடமிடுகிறவர் தெரிந்த அண்ணனாக இருந்தால், மகனின் கண்முன்னே முகமூடியை மாட்டிக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பயம் போனால் போதும். வியப்பு பின்னால் வரும்.

பலகாரத்தில் எல்லாவற்றையும் நீங்களே செய்யவேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் மணிக்கணக்கில் நிற்கவேண்டிய வேலை, அவற்றை விலைக்கு வாங்குவதில் குற்றமில்லை. கலகலா மட்டும் வீட்டில் செய்யுங்கள். மாவைப் பிசைந்து தேய்த்துக் கொடுத்துவிட்டால், கூர்மையில்லாத கத்தியால் சாய்சதுரமாக வெட்டுவதை ஆறு வயதுப் பெண்ணும், வெட்டியதைத் தட்டில் பரப்புவதை மூன்று வயதுப் பையனும் செய்துவிடுவார்கள். கோணல்மாணலாகத்தான் வரும், அப்படியே பொரித்தெடுங்கள். பொரிக்கும்போது அவர்கள் அடுப்படியில் இருக்கக் கூடாது.

அந்தக் கோணல் கலகலாக்களைத்தான் நண்பர்களின் வீடுகளுக்கு அனுப்பவேண்டும். தீபாவளிக்கு வந்த தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பது நம் ஊர்களின் பழக்கம். அந்தத் தட்டுகளைப் பிள்ளைகளே ஏந்திச் செல்லட்டும். வழக்கமாக நாம் பெட்டியில் அடைத்து, ஸ்கூட்டரில் சென்று, வாசலில் நின்றபடியே கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறோம். ஒரு மாலைக்கு இரண்டு வீடு போதும். உள்ளே போய் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கும் காப்பியைக் குடித்து, "இது நான் வெட்டினது" என்று உங்கள் மகள் சொல்வதை அவர்கள் கேட்கும்வரை இருந்து வாருங்கள். பன்னிரண்டு நாட்கள் இருக்கும்போது அவசரம் எதற்கு?

2023 டிசம்பரில் இதை நான் வேறு வழியில் கற்றுக்கொண்டேன். அந்த 17, 18ஆம் தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. உங்கள் ஊரில் தாமிரபரணி கரைபுரண்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் நாட்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. கேக்குக்கென்று வாங்கி வைத்த மைதாவும் சர்க்கரையும் கீழ்வீட்டில் நனைந்து போயின. நான்கு நாட்கள் எங்களுக்குச் சோறு வந்தது பள்ளிவாசல் தெருவில் இருக்கும் என் பழைய தோழியின் வீட்டிலிருந்து. அந்த ஆண்டு 25ஆம் தேதி மாடியறையில் கோயில் செய்தித்தாள்களால் ஒரு சிறிய குடில் கட்டி, ரவைக் கஞ்சி குடித்தோம். ஜனவரி 4ஆம் தேதிதான் என்னால் கேக் செய்ய முடிந்தது. செய்து, பேரப்பிள்ளைகள் கையில் கொடுத்து, அந்தத் தோழியின் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவள் பேரக்குழந்தைகளும் சேர்ந்து எட்டுப் பிள்ளைகள், கூடத்தில் பாய் விரித்து, இருட்டும்வரை விளையாடினார்கள். அதற்கு முன் பல ஆண்டுகள் கிறிஸ்மஸ் அன்று அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பத்து நிமிடம் உட்கார்ந்து பேச எனக்கு நேரம் இருந்ததில்லை. அதன் பிறகு எங்கள் விருந்து ஜனவரி முதல் வாரத்தில்தான்.

உங்கள் கணவரிடம், நிறுத்தவேண்டாம், தள்ளி வைத்தால் போதும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இருபது பேரையும் ஒரே நாளில் அழைக்கவேண்டும் என்பதும் இல்லை. சிறு பிள்ளைகள் உள்ள இரண்டு குடும்பங்களை ஒரு மாலையிலும், மற்றவர்களை வேறு மாலையிலும் அழைக்கலாம். வருகிறவர்கள் ஆளுக்கொரு கறி கொண்டுவருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

இந்த ஆண்டு எங்கள் வீட்டு விருந்து ஜனவரி 3. பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்கு ஐம்பது கிலோமீட்டர்தான், பேருந்தில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்துவிடலாம். பிள்ளைகளுக்கு மக்ரூன் வாங்கி வைக்கிறேன். மூன்று ராஜாக்களும் அன்று குடிலுக்கு இரண்டு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார்கள். அன்றைய தூரத்தை உங்கள் மகள் நகர்த்தட்டும்.

அன்புடன்