ரத்தான விமானம், தவறிய ரயில்: இழப்பீட்டை யாரிடம் கேட்பது?

கேள்வி: நான் திருநெல்வேலியைச் சேர்ந்தவன். கடந்த மே மாதம் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் சிம்லா செல்வதற்காக, உள்ளூர் டிராவல் ஏஜென்ட் மூலம் சென்னையிலிருந்து டெல்லிக்குக் காலை 6 மணி விமானத்தில் டிக்கெட் எடுத்திருந்தேன். அன்று மாலை டெல்லியிலிருந்து கால்காவுக்கும், மறுநாள் காலை அங்கிருந்து சிம்லாவுக்கும் ரயில் டிக்கெட்டுகளை நானே தனியாக எடுத்திருந்தேன். விமான நிலையத்தில் பெட்டிகளை ஒப்படைத்த பிறகு, மூன்று முறை தாமதம் என்று அறிவித்துவிட்டு, 10 மணிக்குச் ‘செயல்பாட்டுக் காரணங்களால்’ ரத்து என்றார்கள். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் தவிர எதுவும் தரவில்லை. மறுநாள் இரவு அனுப்புவதாகச் சொன்னதை நான் ஏற்கவில்லை. கூடுதலாக 31,000 ரூபாய் கொடுத்து வேறொரு விமானத்தில் அன்றிரவே சென்றோம். இரண்டு ரயில் டிக்கெட்டுகளும், சிம்லா விடுதியின் ஒருநாள் வாடகையும் வீணாயின. டிக்கெட் பணத்தைக் ‘கிரெடிட் ஷெல்’லில் (அடுத்த டிக்கெட்டுக்குக் கழித்துக்கொள்ளும் வரவுக் கணக்கில்) வைத்திருப்பதாகவும், முந்தைய நாள் இரவு 9 மணிக்கே பயண மாற்றம் பற்றிக் குறுஞ்செய்தி அனுப்பியதால் இழப்பீடு கிடையாது என்றும் நிறுவனம் சொல்கிறது. அந்தக் கைபேசி எண் ஏஜென்டுடையது. பில்லில் ஒருவருக்கு அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்த்து 5,800 ரூபாய். எனக்கு என்ன கிடைக்கும்? வரும் அரையாண்டு விடுமுறைக்கு முழுக்க ரயிலிலேயே போகலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். ரயில் தாமதமானால் சட்டப் பாதுகாப்பு உண்டா?

பதில்: உங்கள் கடிதத்தில் இருப்பவை இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள்: ஒன்று விமான நிறுவனத்தோடு, மற்றொன்று ரயில்வேயோடு. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்குள்ளும் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் விழும் நஷ்டத்தை மீட்பதற்குத்தான் சற்றுப் போராட வேண்டியிருக்கும்.

முதலில் விமானம். உள்நாட்டுப் பயணிகளுக்கான உரிமைகளை, சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வெளியிட்ட விதிமுறைகள் வகுத்துள்ளன. அவற்றின்படி, புறப்படும் நேரத்துக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு ரத்து பற்றித் தெரிவிக்கப்படாத பயணிக்கு, அவர் ஏற்கத்தக்க மாற்று விமானத்தை நிறுவனம் தர வேண்டும். இல்லையேல் முழுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, அதற்கு மேல் இழப்பீடும் வழங்க வேண்டும். ‘ஏற்கத்தக்க’ என்பதே இங்கு முக்கியம். காலை 6 மணிக்குப் புறப்பட வேண்டியவரை மறுநாள் இரவு வரை காத்திருக்கச் சொல்வதை நீங்கள் ஏற்க மறுத்ததில் தவறில்லை. இழப்பீட்டு அளவு பறக்கும் நேரத்தைப் பொறுத்தது. சென்னை–டெல்லி போல 2 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு, 10,000 ரூபாய் அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அதுவே கணக்கு. ஆக, ஒருவருக்கு 5,800 வீதம் நால்வருக்கு 23,200 ரூபாய்.

நிறுவனத்தின் குறுஞ்செய்தி வாதம் நிற்காது. அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டாலும், இரவு 9 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே 9 மணி நேரம்தான் இருக்கிறது. விதி கேட்பதோ 24 மணி நேரம். மேலும், விமானம் புறப்படாது என்று முந்தைய இரவே முடிவாகியிருந்தால் அதிகாலையில் உங்கள் பெட்டிகளை எதற்காக வாங்கி வைத்தார்கள் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். பெட்டிக்கான ஒப்புகைச் சீட்டு கையில் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். இவ்வழக்கில் அது நல்ல சாட்சி.

இருந்தாலும் ஏஜென்டின் எண் விஷயத்தை இலேசாக விட முடியாது. போதிய தொடர்பு விவரம் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்று அதே விதிமுறைகள் சொல்கின்றன. பயணியின் எண்ணுக்குப் பதிலாகத் தங்கள் எண்ணைப் பதிவிடும் பழக்கம் நம் ஊர் ஏஜென்டுகளிடம் வெகுவாக உண்டு. உங்கள் எண்ணை ஏஜென்டிடம் கொடுத்திருந்தீர்கள் என்பதைக் காட்டும் வாட்ஸ்அப் உரையாடலோ பில்லோ இருந்தால் இணையுங்கள். புகாரில் ஏஜென்டை இரண்டாம் எதிர்தரப்பினராகச் சேருங்கள்.

அடுத்தது ‘செயல்பாட்டுக் காரணங்கள்’. இயற்கைப் பேரிடர், வெள்ளம், கலவரம், வேலைநிறுத்தம், மோசமான வானிலை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் தாமதம் போன்ற, நிறுவனத்தின் கையை மீறிய சூழ்நிலைகளில் இழப்பீடு தர வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான நிலையத்தின் ஓடுதளம் மூடப்பட்டதே, அத்தகைய நாளில் ரத்தான விமானத்துக்கு டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்குமே தவிர இழப்பீடு கிடைக்காது. ஆனால் ‘செயல்பாட்டுக் காரணம்’ என்று பொதுப்படச் சொல்லிவிட்டு அந்த விலக்கின் நிழலில் ஒதுங்க முடியாது. விமானி வரவில்லையா, இயந்திரக் கோளாறா, வேறு தடத்துக்கு விமானத்தைத் திருப்பிவிட்டார்களா என்பதை ஆவணத்தோடு விளக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. எனவே உங்கள் முதல் கடிதத்திலேயே ரத்துக்கான துல்லியமான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அன்று அதே நேரத்தில் மற்ற நிறுவனங்களின் விமானங்கள் சென்னையிலிருந்து புறப்பட்டனவா என்பதையும் குறிப்பிடுங்கள்.

உணவு தராததும் தனிக் குறைபாடுதான். இரண்டரை முதல் ஐந்து மணி நேரம் வரையிலான பயணத்துக்கு, தாமதம் மூன்று மணி நேரத்தைத் தாண்டும்போது உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். பிள்ளைகளுக்கு நீங்கள் அங்கே வாங்கிய இட்லிக்கும் பாலுக்கும் பில் இருந்தால், தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள்.

கிரெடிட் ஷெல்லைப் பொறுத்தவரை விதி தெளிவாக இருக்கிறது: பணத்தை அப்படி வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது பயணியின் விருப்பம், நிறுவனம் தானாக அதைத் திணிக்க முடியாது. ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டானாலும், அவர் நிறுவனத்தின் பிரதிநிதி என்பதால் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே. வழக்கு முடியும்வரை அந்தக் கிரெடிட் ஷெல்லிலிருந்து ஒரு ரூபாய்கூடப் பயன்படுத்தாதீர்கள். பயன்படுத்தினால் நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாக வாதிடுவார்கள்.

இனி ரயில் டிக்கெட்டும் விடுதி வாடகையும். இணைப்பு விமானம் அதே நிறுவனத்தில், அதே டிக்கெட் எண்ணில் இருந்து தவறியிருந்தால், விதிமுறையே உங்களைக் காத்திருக்கும். தனியாக எடுத்த ரயில் டிக்கெட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே இவற்றையும் 31,000 ரூபாயையும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 39வது பிரிவின் கீழ், சேவைக் குறைபாட்டால் நேர்ந்த நஷ்டமாகக் கேட்க வேண்டும். நுகர்வோர் ஆணையம் முழுமையாகத் தரலாம், குறைத்தும் தரலாம். நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது கட்டாயம் கேட்கப்படும். குறைந்தபட்சம், மறுநாள் காலை சிம்லா ரயிலுக்கான டிக்கெட்டை அன்று 10 மணிக்கே இணையத்தில் ரத்து செய்திருந்தால் ஒரு பகுதிப் பணம் திரும்பியிருக்கும். அப்படிச் செய்யவில்லையென்றால், அந்தத் தொகையை அழுத்திக் கேட்காமல் மற்றவற்றில் நிற்பதே என் யோசனை.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். விமானப் பயணிகளின் புகார்களுக்கான மத்திய அரசின் ‘ஏர்சேவா’ தளத்திலும் பதிவு செய்யுங்கள். 30 நாளில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்யலாம். டிக்கெட்டில் டெல்லி நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்று அச்சிட்டிருந்தாலும் கவலை வேண்டாம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்ய அதே சட்டத்தின் 34வது பிரிவு இடம் தருகிறது, எனவே திருநெல்வேலியிலேயே போடலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் மனுக் கட்டணம் இல்லை. ரத்தான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கலாகியிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டார் சொல்லும் ரயில் யோசனைக்கு வருவோம். வழக்கறிஞராக அல்லாமல் பயணியாகக் கேட்டால் நானும் ரயில் பக்கம்தான். ஆனால் சட்டப் பாதுகாப்பு ரயிலில் அதிகம் என்று எண்ணிவிடாதீர்கள். இத்தனை மணி நேரத் தாமதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்ற அட்டவணை ரயில்வேயில் கிடையாது. ரயில் ரத்தானால் முழுப் பணமும் வரும். நீங்கள் ஏறும் நிலையத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் பயணத்தைக் கைவிட்டால், ரயில் உண்மையில் புறப்படும் முன் டி.டி.ஆர். (கட்டணத்தைத் திரும்பக் கோரும் ‘டிக்கெட் டெபாசிட் ரசீது’) பதிவு செய்து முழுக் கட்டணத்தையும் பெறலாம். ஏறிப் பயணம் செய்து, தாமதமாகப் போய்ச் சேர்ந்ததற்குக் கட்டணம் திரும்பாது.

அப்படித் தாமதமாகச் சேர்ந்ததால் நேர்ந்த நஷ்டத்துக்கு வழி உண்டா? உண்டு. 2016 ஜூனில் அஜ்மீர்–ஜம்மு எக்ஸ்பிரஸ் சுமார் 4 மணி நேரம் தாமதமாகச் சென்றதால், ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் செல்லும் விமானத்தைத் தவறவிட்ட ஒரு குடும்பம், டாக்சியில் 15,000 ரூபாய் கொடுத்துப் போக நேர்ந்தது. நுகர்வோர் மன்றம் டாக்சிச் செலவோடு பிற செலவுகளுக்கும் மன உளைச்சலுக்கும் தொகை வழங்கியது. தாமதத்துக்குத் தான் பொறுப்பல்ல என்று தன் கட்டண விதிகளைக் காட்டி வாதிட்ட ரயில்வேயின் மேல்முறையீட்டை, 2021 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தாமதத்தின் காரணத்தை விளக்கி, அது தன் கட்டுப்பாட்டை மீறியது என்று ரயில்வே நிரூபிக்காவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். உங்கள் வழக்கு இதன் மறுபக்கம் என்பதால், திருநெல்வேலி மனுவிலும் இதை மேற்கோள் காட்டலாம். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: கட்டணத்தைத் திருப்பிக் கேட்பது மட்டுமே கோரிக்கை என்றால், போக வேண்டிய இடம் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயம், சேவைக் குறைபாட்டுக்குத்தான் நுகர்வோர் ஆணையம்.

டிசம்பர் பயணத்தில் பனிமூட்டத்தை மறந்துவிடாதீர்கள். ‘கட்டுப்பாட்டை மீறிய காரணம்’ என்ற வாதம் ரயில்வேக்கு மிக எளிதாகக் கிடைப்பது அந்தப் பருவத்தில்தான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸோ கிராண்ட் டிரங்கோ டெல்லி சேரும் அன்றே கால்கா ரயிலைப் பிடிக்கத் திட்டமிடாமல், ஓர் இரவு டெல்லியில் தங்குங்கள். விடுதியையும் ரத்து செய்யக்கூடிய கட்டணத்திலேயே எடுங்கள். டெல்லியில் தங்க முடியாதென்றால், நான்கு பேரின் பெயர், வயது முதலியவை இரண்டு டிக்கெட்டுகளிலும் மாறாமல் இருக்கும்படி பதிவு செய்து, இரண்டு பி.என்.ஆர்.களையும் இணைத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் முதல் இந்த வசதி உண்டு. முதல் ரயிலின் தாமதத்தால் அடுத்தது தவறினால், பயணம் செய்யாத பகுதிக்கான கட்டணம் பிடித்தமின்றித் திரும்பும். முதல் ரயில் சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் டி.டி.ஆர். பதிவு செய்ய வேண்டும் என்பதால், டெல்லியில் இறங்கியதும் நடைமேடையிலேயே அதை முடித்துவிடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். இம்முறை ஏஜென்ட் மூலம் எடுத்தாலும், டிக்கெட்டில் உங்கள் கைபேசி எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.