சிங்கப்பூரிலிருந்து கப்பல் சுற்றுலா: பெற்றோரோடு போகலாமா?

வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் தீவுகளுக்குப் போய்வரும் கப்பல் பயணம் சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர்களுக்காக என்றால் தாராளமாகப் போகலாம். பெட்டியை ஒரு முறை பிரித்தால் போதும். அறையும் சாப்பாடும் கூடவே வருகின்றன. பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் நகரை ஒட்டியே நிற்கும். நடந்தே லிட்டில் இந்தியா போய் மாரியம்மன் கோயிலையும் பார்த்துவிடலாம்.

புக்கெட் அப்படியில்லை. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் படோங் கடற்கரைக்கு எதிரே கடலில் நங்கூரமிட்டு, சிறு படகில் கரைக்கு அனுப்புகின்றன. முட்டிவலி உள்ளவர்களுக்கு ஆடும் படகில் ஏறி இறங்குவது பெரும்பாடு. குறித்த நேரத்துக்குத் திரும்பாவிட்டால் கப்பல் காத்திருக்காது. ஊரை நிதானமாகச் சுற்ற ஆசைப்படுபவர்களுக்கு இது ஏமாற்றம்தான்.

விளம்பரத்தில் போடும் கட்டணத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று சேரும் டிப்ஸ், வைஃபை, கரைச் சுற்றுலா எல்லாம் பெரும்பாலும் தனி. மலிவான அறையில் ஜன்னல் கிடையாது. அப்புறம், குமட்டல் வருமென்றால் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்து அறையாகக் கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. இந்தியப் பாஸ்போர்ட் என்றால், சிங்கப்பூருக்குள் மறுபடி நுழைய விசா இடம் தருகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.