ஊருணிக்குக் காசு யார் தருவார்? வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சர்வே எண் இல்லை. "கோயில் பக்கத்து ஊருணி", "எங்க ஊர் கரை" என்று மட்டும் எழுதினால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? நிலம் யார் கணக்கில் இருக்கிறதோ அவர்களிடம்தான் காசு கேட்க முடியும். எந்த நிலம் யார் பெயரில் என்று சொல்லும் கிராமக் கணக்கான அ-பதிவேட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எங்கள் ஊராட்சியில் சுற்றுச்சூழலுக்கென்று நிதியே இல்லை என்கிறார்கள். உண்மையா? (திருவாடானை ஒன்றியம்)

அந்தப் பெயரில் இல்லை, வேறு பெயரில் இருக்கிறது. 2021 முதல் 2026 வரைக்கான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் இன்னதற்கு என்று கட்டிப்போட்ட பணம். அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்புக்கு, மீதி சுகாதாரத்துக்கு. குப்பைக்குத் தூய்மை பாரத இயக்கம் தனி. அந்த இயக்கத்தில் 5,000 பேர் வரை உள்ள ஊருக்குத் தலைக்கு 60 ரூபாய், அதற்கு மேல் 45. மூவாயிரம் பேர் இருக்கும் ஊருக்கு இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைய வரும். ஆகவே மனுவில் "சுற்றுச்சூழல் மேம்பாடு" என்று எழுதாதீர்கள். "மழைநீர் சேகரிப்பு", "திடக்கழிவு" என்று எழுதுங்கள், ஃபைல் நகரும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். நம் ராமநாதபுரம் மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலரிடம் போனது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத ஊராட்சிக்கு நிதிக்குழு மானியம் விடுவிப்பதில்லை. அந்தக் காசை நம்பித் திட்டம் போடும் முன், கணக்கில் கையிருப்பு எவ்வளவு என்று வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) அலுவலகத்தில் கேளுங்கள்.

மண்டபத்தில் கிராம சபை எப்போது கூடும்?

கூடாது. மண்டபம் பேரூராட்சி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் ஊராட்சிகளுக்குத்தான். உங்களுக்குப் பகுதி சபை, செயல் அலுவலரிடம் தேதி கேளுங்கள். எந்த உள்ளாட்சியில் குடியிருக்கிறோம் என்பதை வீட்டு வரி ரசீதே சொல்லிவிடும், அதையாவது ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

நமக்கு நாமே திட்டத்தில் ஊருணிக்குச் சுற்றுச்சுவர், படித்துறை, முகப்பு கட்டி, 20 அடி ஆழப்படுத்தவும் ஆசை. எங்கள் பங்கைக் கட்டத் தயார். கிடைக்குமா? (கடலாடி ஒன்றியம்)

கிடைக்கும். மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று, ஆதிதிராவிடர் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒன்று. ஆனால் தயவுசெய்து இந்த மதிப்பீட்டோடு போகாதீர்கள்.

ஒரு கடலோர ஊரில், மூன்று நாள் ஐப்பசி மழை விட்ட மறுநாள், புதிதாகக் கட்டிய படித்துறையில் நின்றேன். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. வெளியே, ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலில் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கிக் கிடந்தது. உள்ளே நடுவில் ஒரு குட்டை மட்டும். சுவரில் விட்டிருந்த குழாயின் வாய், வரத்துக்காலின் தரையைவிட ஒரு முழம் உயரம். தண்ணீர் எப்படி ஏறும்? அதே ஊரில் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அன்று வந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது? சுவரை டேப் வைத்து அளந்து எம்-புக்கில் (வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) ஏற்றுவது சுலபம். வரத்துக்கால் நாலைந்து சர்வே எண்களில் ஓடும். சர்வேயர் வர வேண்டும், ஆக்கிரமிப்பு எடுக்க வேண்டும், சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும். மேலே வெட்டினால் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். அதனால் எல்லோரும் சுவருக்கே போய்விடுகிறார்கள். நீங்கள் வரத்துக்காலில் தொடங்குங்கள். ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்து, குழாயின் வாய் கால்வாய்த் தரைக்குக் கீழே இருக்கிறதா என்று ஓவர்சியரோடு நீங்களே நின்று பாருங்கள். பிறகு கரை, படித்துறை. காசு மிஞ்சினால் முகப்பு.

அப்புறம் அந்த 20 அடி. வேண்டவே வேண்டாம். நம் கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிசாக மிதக்கிறது. ஊருணியைத் தாங்குவது அடியில் இருக்கும் களிமண் படுகை. அதைக் கிழித்தால் ஒன்று தண்ணீர் இறங்கிவிடும், இல்லை உப்பு ஏறிவிடும். வண்டலை மட்டும் எடுங்கள். ஆழத்துக்குப் பதில் அகலம் பாருங்கள்.

கடற்பசு பாதுகாப்பக நிதியில் எங்கள் ஊராட்சிக்குப் பங்கு உண்டா?

2022-இல் அறிவித்த அந்த 448 சதுர கிலோமீட்டர் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடல். நம் மாவட்டத்தில் இல்லை. செய்தியைத் தலைப்போடு நிறுத்தாமல் படியுங்கள். நமக்கு இருப்பது மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 2025-இல் வந்த தனுஷ்கோடி பூநாரைச் சரணாலயம். இரண்டும் வனத்துறைக் காசு, ஊராட்சிக் கணக்குக்கு வராது.

வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஊர் வேலைக்குப் பணம் அனுப்பினால் சிக்கலா? (கீழக்கரை)

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கியவரின் பணம் அப்படி இல்லை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) அனுமதி இல்லாமல் ஊர்ச் சங்கம் அதைத் தொடக்கூடாது. யார் அனுப்பியது என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் எழுதி வையுங்கள். பணம் சேர்ந்துவிட்டது என்று, வேலைக்கான நிர்வாக அனுமதி கையில் வராமல் மண்வெட்டியைத் தூக்காதீர்கள். முன்கூட்டியே முடித்த வேலைக்கு பில் போட மாட்டார்கள்.

கரையோரம் 5,000 அலையாத்திக் கன்று நட ஊராட்சி பணம் தருமா?

எந்தக் கரை? இங்கேயும் சர்வே எண் இல்லை. அலை அடிக்கும் மணல் கரையில் அலையாத்தி நிற்காது. காரங்காடு மாதிரி சேறும் உப்பங்கழியும் உள்ள இடம் வேண்டும். அங்கேயும் கடற்புல் இருக்கும் தரையில் நடக்கூடாது, அது மீன் குஞ்சு வளரும் இடம். கன்று நடும் முன் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கடல் நீர் ஏறி இறங்க வழி செய்ய வேண்டும். இது வனத்துறையோடு சேர்ந்து செய்யும் வேலை, வனச்சரகரைப் பாருங்கள். உங்கள் இடம் மணல்மேடு என்றால் பனை விதை போடுங்கள். ஊரே சேர்ந்து பொறுக்கலாம், செலவு சாக்குக்கும் வண்டிக்கும்தான். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் ஊன்றிவிடுங்கள்.