பாலின உறுதிப்பாட்டு சிகிச்சை: செலவு பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: என் பாலிசியில் திருநர் சிகிச்சை பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்படியென்றால் பணம் கிடைக்குமா?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘விலக்குகள்’ பகுதியைத் தேடிப் படியுங்கள். ‘அழகு சிகிச்சை கிடையாது’ என்ற ஒரு வரி போதும், எதை வேண்டுமானாலும் அதில் தள்ளிவிடுவார்கள். சிகிச்சையின் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது கிளெய்ம் நேரத்தில் கைகொடுக்காது.

கேள்வி: முன் அனுமதி கேட்டேன். ‘மருத்துவத் தேவை இல்லை’ என்று மறுத்துவிட்டார்கள். இனி கைக்காசுதானா?

பதில்: மேல்முறையீடு செய்யுங்கள். மறுப்புக் கடிதத்தில் அதற்குக் கடைசித் தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் மருத்துவரிடம் புதுக் கடிதம் கேளுங்கள். எத்தனை காலமாக ஹார்மோன் எடுக்கிறீர்கள், இந்த அறுவை சிகிச்சை உங்களுக்கு ஏன் தேவை என்பதெல்லாம் அதில் வர வேண்டும். பொதுவாக எழுதிய கடிதம் எடுபடாது.

இரண்டு ஆதாரங்களைச் சேருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11, 2022 முதல் நடைமுறையில் உள்ளது. அது பாலின முரண்பாட்டை (பிறப்பில் குறித்த பாலினமும் உணரும் பாலினமும் பொருந்தாத நிலையை) மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்து, பாலியல் நலம் சார்ந்த அத்தியாயத்தில் வைத்திருக்கிறது. அதே 2022-இல் வெளிவந்த டபிள்யூபாத் (திருநர் நலத்துக்கான உலகத் தொழில்முறைச் சங்கம்) வழிகாட்டுதலின் 8-ஆம் பதிப்பு இந்தச் சிகிச்சைகளை மருத்துவத் தேவை என்றே சொல்கிறது. வயது வந்தோரின் அறுவை சிகிச்சைக்கு ஒரு நிபுணரின் கடிதம் போதும் என்றும் சொல்கிறது. காப்பீட்டு நிறுவனம் இப்போதும் இரண்டு கடிதங்கள் கேட்டால், இதைக் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: நான் திருநம்பி. ஆவணங்களில் ஆண். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக் கிளெய்ம் திரும்பி வந்துவிட்டது.

பதில்: ‘ஆண்’ என்று பதிவாகியிருப்பதைப் பார்த்து கணினியே தள்ளியிருக்கலாம். மருத்துவமனை பில்லிங் பிரிவைக் குறிப்புடன் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். இதற்காகப் பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இன்சூரன்ஸ் இல்லை. ஹார்மோனுக்கு எப்படித் திட்டமிடுவது?

பதில்: எஸ்ட்ரடயால் (பெண் ஹார்மோன்), ஸ்பைரோனோலாக்டோன் (ஆண் ஹார்மோனைத் தடுப்பது), டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) எல்லாம் பழைய மருந்துகள். பிராண்ட் பெயர் இல்லாமல் ஜெனரிக்காகவே எழுதித்தரச் சொல்லுங்கள். முதல் வருடம் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை வரும், பிறகு வருடத்துக்கு ஓரிரு முறை. இதையும் கணக்கில் சேருங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தின் அடர்த்தியைக் கூட்டும், ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தை ஏற்றும். பரிசோதனை இல்லாமல் இவை வெளியே தெரியாது. மலிவு என்று கருத்தடை மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்குவோரை நினைத்தால் பதறுகிறது. அதிலுள்ள எத்தினைல் எஸ்ட்ரடயால் என்ற செயற்கை ஹார்மோனால் ரத்தக்கட்டு ஆபத்து அதிகம்.

கேள்வி: வஜைனோபிளாஸ்டிக்கு (பெண்ணுறுப்பு அமைக்கும் அறுவை சிகிச்சைக்கு) மருத்துவமனை ஒரே தொகையாகச் சொல்கிறது. அதுவே முழுச் செலவா?

பதில்: பெரும்பாலும் இல்லை. மயக்க மருந்து, அறை வாடகை, சிக்கல் வந்தால் மறு அறுவை சிகிச்சை ஆகியவை அதில் அடக்கமா என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். சில முறைகளில் அறுவைக்கு முன்பே அந்த இடத்து முடியை நிரந்தரமாக நீக்க வேண்டும். அது பல மாதங்கள் இழுக்கும், காசும் தனி. பின்னாலே டைலேட்டர்கள் (அமைத்த பாதை சுருங்காமல் இருக்கப் பயன்படுத்தும் கருவிகள்), தொடர் பரிசோதனைகள், சம்பளமில்லாத விடுப்பு வாரங்கள். கடன் வாங்குவதாக இருந்தால் இவ்வளவையும் கூட்டிய பிறகு முடிவெடுங்கள்.

கேள்வி: அப்பாவின் பாலிசியில் இருக்கிறேன். வீட்டுக்குத் தெரியாமல் முடியுமா?

பதில்: கிளெய்ம் விவரம் பெரும்பாலும் பாலிசிதாரருக்கே போகும். உங்கள் முகவரிக்கு அனுப்ப வழியுண்டா என்று, கிளெய்ம் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். முடியாதென்றால், வீட்டில் சொல்லத் தயாராகும் வரை ஆலோசனை, பரிசோதனைச் செலவுகளைக் கைக்காசில் பார்ப்பதே பாதுகாப்பு.