வண்டி ஏறினாலே வாந்தி: எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: மே மாதம் குடும்பத்துடன் காரில் கொடைக்கானல் செல்கிறோம். ஏழு வயது மகளுக்கு வத்தலகுண்டு தாண்டி மலையேறத் தொடங்கினாலே வாந்தி வந்துவிடும். இணையக் கடையில் மணிக்கட்டில் மாட்டும் பட்டை 300 ரூபாய்க்கும், நீலத் திரவம் நிரப்பிய கண்ணாடி 900 ரூபாய்க்கும் இருக்கின்றன. எதை வாங்கலாம்? – வாசகி, மதுரை

பதில்: இரண்டும் வேண்டாம். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, மகளைச் சற்று உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் இருக்கை ஒன்றை வாங்குங்கள்.

காரணம் எளிது. வண்டி வளையும்போது உள்காது "திரும்புகிறோம்" என்று மூளைக்குச் சொல்கிறது. கண் எதைப் பார்க்கிறதோ அதைச் சொல்கிறது. உங்கள் காரின் பின்சீட்டில் மகளின் கண் மட்டத்துக்கு நீங்களே ஒருமுறை குனிந்து பாருங்கள். கதவின் பிளாஸ்டிக் தெரியும், முன் இருக்கையின் முதுகு தெரியும், அதில் தொங்கும் பை தெரியும். இவை எதுவும் அசையவில்லை என்று கண் சொல்கிறது. இந்த முரண்பாட்டைத்தான் வயிறு வெளியே தள்ளுகிறது. கார் ஓட்டுகிறவருக்குக் குமட்டல் வருவது அபூர்வம், ஏனென்றால் அடுத்த கொண்டை ஊசி வளைவு அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

பூஸ்டர் பிள்ளையைச் சில அங்குலம் உயர்த்துவதால் சாலையும் தூரத்து மலையும் கண்ணில் படும். பெல்ட்டும் கழுத்தை அறுக்காமல் தோளில் படியும். நடு இருக்கையில் தோள்வழி வரும் மூன்று முனை பெல்ட் இருந்தால் அங்கே உட்கார வையுங்கள். முன் கண்ணாடி வழியாக நேராகச் சாலை தெரியும். வாங்கும்போது, குழந்தை இருக்கைக்கான ஐ.நா. பாதுகாப்புத் தர எண்களான ஆர்44 அல்லது ஆர்129 என்று அச்சிட்ட ஆரஞ்சு நிற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாததை வெறும் மெத்தை என்றே எண்ணிக்கொள்ளலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்பதையும் நினைவில் வையுங்கள். அம்மா மடியில் உட்கார்த்தி வைப்பது பாதுகாப்பும் ஆகாது, வாந்திக்கு மருந்தும் ஆகாது.

இனி நீங்கள் கேட்ட இரண்டு பொருட்கள். மணிக்கட்டுப் பட்டையால் பயன் உண்டா என்று பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. கெடுதல் இல்லை என்பதால் ஆசைப்பட்டால் வாங்கலாம்; ஆனால் குழந்தை அளவைக் கேட்டு வாங்குங்கள். பெரியவர்கள் அளவு ஏழு வயதுக் கையில் வளையல்போலச் சுழலும். மணிக்கட்டு மடிப்பிலிருந்து பிள்ளையின் மூன்று விரல் அகலம் தள்ளி, உட்புறம் இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் பட்டையிலுள்ள குமிழ் அழுந்த வேண்டும்.

நீலத் திரவக் கண்ணாடியை 2018இல் சிட்ரோயன் நிறுவனம் 99 யூரோவுக்குப் பிரபலப்படுத்தியது. வளையங்களுக்குள் திரவம் ஆடி, கண்ணுக்கு ஒரு செயற்கை அடிவானத்தைக் காட்டும் என்பது அதன் தத்துவம். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அந்த நிறுவனமே சொல்லிவிட்டது. 900 ரூபாய்க்கு வருவது அதைப் பார்த்துச் செய்தது. தயாரித்தவர் பெயரும் நாடும் விற்பனைப் பக்கத்தில் இல்லாவிட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். இணைய விற்பனையில் அவற்றைக் காட்டியே ஆக வேண்டும் என்பது விதி.

புறப்படும் அன்று காலை இரண்டு இட்லி போதும். பூரி வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். டம் டம் பாறையில் அருவியைப் பார்க்கிற சாக்கில் ஒருமுறை இறக்கி நடக்க விடுங்கள். கார் முழுக்க மல்லிகை வாசனை வீசும் அந்த டப்பாவை முதல் நாளே கழற்றி வெளியே வையுங்கள்.

கேள்வி: மருந்துக்கடையில் கேட்டதும் வாந்தி சிரப் கொடுத்தார்கள். வயிற்றுப்போக்கின்போது மருத்துவர் எழுதித் தந்த அதே ஆன்டன்செட்ரான்தான். கொடுத்தும் பையன் ஏற்காட்டின் இருபது வளைவுகளிலும் வாந்தி எடுத்தான். மருந்து போலியா? – வாசகர், சேலம்

பதில்: மருந்து போலியாக இருக்க வேண்டியதில்லை, நோய்க்குப் பொருந்தாத மருந்து, அவ்வளவுதான். வயிற்றுத் தொற்றில் வரும் வாந்திக்கு ஆன்டன்செட்ரான் நன்றாக வேலை செய்யும். உள்காதில் தொடங்கும் குமட்டலை அது தடுப்பதில்லை. இதற்கு உதவுபவை டைமென்ஹைட்ரினேட், புரோமெத்தசின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள். டைமென்ஹைட்ரினேட்டுக்கு இந்தக் குணம் இருப்பது தெரிந்த கதையே வேடிக்கையானது: 1947இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் தோல் தடிப்புக்காக அதைச் சாப்பிட்ட ஒரு கர்ப்பிணி, டிராமில் வழக்கமாக வரும் குமட்டல் வரவில்லை என்று மருத்துவர்களிடம் சொன்னார்.

ஆனால் இவற்றைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புரோமெத்தசின் மூச்சை அடக்கிவிடக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2004இலேயே கடுமையாக எச்சரித்தது. மற்றப் பிள்ளைகளுக்கும் எடைக்கு ஏற்ற அளவைக் குழந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அப்பாவின் மாத்திரையைப் பாதியாக உடைப்பது கணக்காகாது. சளிக்குக் கொடுக்கும் சிரப்பிலும் பெரும்பாலும் இதே வகை மருந்து இருப்பதால், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். சில பிள்ளைகள் தூங்காமல் துள்ளிக் குதிக்கத் தொடங்குவார்கள் என்பதால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஏழு பேர் அமரும் மின்சாரக் கார் வாங்க எண்ணம். மின்சாரக் காரில் பிள்ளைகளுக்கு அதிகம் குமட்டும் என்கிறார்களே? பின்சீட்டில் பொழுதுபோக்குத் திரை பொருத்தலாம் என்கிறார் விற்பனையாளர். – வாசகர், ஈரோடு

பதில்: அந்தப் பேச்சில் உண்மை உண்டு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மின்சாரக் கார் தானாகவே வேகத்தைக் குறைத்து மின்கலத்துக்குச் சக்தியைத் திருப்பி அனுப்பும். ஓட்டுகிறவர் அழுத்தி விடும் ஒவ்வொரு முறையும் பின்னால் தலைகள் ஆடும். இயந்திரச் சத்தமும் இல்லாததால், வேகம் கூடுவதும் குறைவதும் பிள்ளைக்கு முன்கூட்டித் தெரியாது. பல கார்களில் இந்தப் பிடிப்பைக் குறைத்து வைக்கும் வசதி இருக்கிறது. அது இல்லாத காரை உங்கள் வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன்.

மூன்றாவது வரிசை பின் சக்கரங்களுக்கு மேலேயே இருக்கும், ஜன்னலும் சிறியது. வாந்தி வரும் பிள்ளைக்கு அந்த இடம் கூடவே கூடாது. "மெத்தென்று மிதக்கும்" என்று விளம்பரம் செய்யும் காரையும் சந்தேகத்துடன் பாருங்கள்: ஐந்து வினாடிக்கு ஒருமுறை என்ற மெதுவான ஆட்டம்தான் வயிற்றை மிக அதிகமாகக் கலக்கும். ஓட்டிப் பார்க்கப் போகும்போது விற்பனையாளர் உங்களை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைப்பார். நீங்கள் பிள்ளையையும் அழைத்துப் போய், அவள் உட்காரப்போகும் இருக்கையிலேயே அமர்த்தி, வேகத்தடையும் வளைவும் உள்ள சாலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

திரையா? காசு கொடுத்து வாந்தியை வாங்குவது அது.

கேள்வி: வாடகைக் காரில் குழந்தை வாந்தி எடுத்துவிட்டாள். நாங்களே துடைத்தோம். ஓட்டுநர் 2,000 ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டார். நியாயமா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முன்பே சொல்லாத தொகையை இறங்கும்போது கேட்பது நியாயமில்லை. உண்மையில் ஆன செலவைக் கொடுப்பது நம் கடமை. அன்றைய பயணம் கெட்டதற்கும் ஏதாவது சேர்த்துக் கொடுக்கலாம். அதற்குக் கார் கழுவும் கடையின் ரசீதைக் கேளுங்கள். நிறுவனத்தின் மூலம் பதிவு செய்திருந்தால் முதலில் அங்கே எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அடுத்த முறை பதிவு செய்யும்போதே "குழந்தைக்கு வாந்தி வரும், சுத்தம் செய்ய எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். ஓட்டுநர் வளைவுகளில் நிதானமாகவும் ஓட்டுவார்.

கேள்வி: பேருந்து நிலையத்தில் விற்கும் இஞ்சி மரப்பா பயன் தருமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: இஞ்சி குமட்டலைக் கொஞ்சம் தணிக்கலாம். மரப்பாவில் இஞ்சியைவிடச் சர்க்கரையே அதிகம். பெரிய பிள்ளைக்குக் கொடுங்கள். நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஓடும் வண்டியில் கெட்டி மிட்டாய் எதுவும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். எலுமிச்சம்பழத்தை முகர்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

கேள்வி: ஊட்டிக்குச் செல்கிறோம். வாந்தி எடுக்க எந்தப் பை நல்லது? – வாசகி, திருப்பூர்

பதில்: பிளாஸ்டிக் பை என்றால் நீலகிரிச் சோதனைச் சாவடியில் பறித்துக்கொள்வார்கள், கொண்டுபோவதே வீண். கடைப் பைகளின் அடி மூலையில் பெரும்பாலும் ஓட்டை இருக்கும். அது மடியில் ஒழுகிய பிறகுதான் தெரியும். காலியான ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாக்கள் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் அகலம், கைக்குள் அடங்கும், மூடினால் நாற்றம் பரவாது, ஊர் திரும்பிக் கழுவி மறுபடியும் பயன்படுத்தலாம். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்த பிறகு காரில் வையுங்கள்.